கீச்சுக் குரல் வசனங்கள்

அவர் சொல்லிக்கொடுத்தது சரிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதர் மீது எனக்கு இவ்வளவு இளக்காரம் வந்திருக்காது. அரைகுறையாகப் படித்துவிட்டு உளறுகிறவர்களை எங்கள் சபையில் நிறையப் பார்த்திருக்கிறேன். டீ கொடுத்து அனுப்பியும் இருக்கிறேன். இவர் அந்த ரகம் இல்லை. விஷயம் தெரிந்தவர். தெரிந்ததை எந்த நேரத்தில் மறந்துவிட வேண்டும் என்பதும் தெரிந்தவர்.

எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். தொண்ணூறுகளில் வங்காளத்தில், கார்டன் ரீச் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களைப் போலத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. அப்பாக்களுக்கு ரயில்வேயில் வேலை, இல்லாவிட்டால் துறைமுகத்தில். எங்களுக்கென்று கோயில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெங்காலிச் சபைக்காரர்கள் ஆராதனையை முடித்துக்கொண்டு கிளம்பிய பிறகு அதே கோயிலில் சாயங்காலம் எங்கள் தமிழ் ஆராதனை. ஐயர், எங்கள் பேச்சில் பாதிரியார், ஜாம்ஷெட்பூரிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பிரசங்கம், அறிவிப்பு எல்லாம் அண்ணாச்சி. புதன்கிழமை வீட்டுக்கு வீடு முறை வைத்து வேதபாடம் நடக்கும். அதுவும் அண்ணாச்சிதான்.

வேதத்தில் எளிதான பகுதிகளை அவர் தொடவே மாட்டார். நல்ல மேய்ப்பனும் மலைப்பிரசங்கமும் சண்டே ஸ்கூல் டீச்சர்களுக்கு என்று விட்டுவிடுவார். அவருக்கு வேண்டியது கடின வசனங்கள். தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் சீஷனாக இருக்க முடியாது என்று இயேசு சொன்னது, கண் இடறல் உண்டாக்கினால் பிடுங்கிப் போடு என்றது, அப்போஸ்தலர் பவுல் அந்தக் காலத்துச் சபைகளுக்கு எழுதிய கடிதங்களில் முன்னுக்குப் பின் முரணாக வருபவை, இவைதான். அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு, மடியில் வேதாகமத்தை விரித்து, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு குரல்னு பாருங்க" என்று ஆரம்பிப்பார்.

இந்தக் குரல் சமாச்சாரத்தை அவர் தபால் வழியாக வேதக் கல்லூரிப் படிப்புப் படித்தபோது பிடித்துக்கொண்டார். பழைய கிரேக்க நாட்டில் பையன்களுக்குப் பேச்சுக்கலை ஒரு பாடம். அதில் ஒரு பயிற்சி, இன்னொருவனாக மாறிப் பேசுவது. எதிராளி என்ன சொல்வான் என்று அவனுடைய வாயாலேயே சொல்லிக் காட்டிவிட்டு, அடுத்த மூச்சில் தன் குரலுக்குத் திரும்பி அதை நொறுக்குவது. அதற்கு நீளமாக ஒரு கிரேக்கப் பெயர் உண்டு. அண்ணாச்சி அதைச் சொல்லும்போது போபோயியா என்று முடியும். என் அம்மாவும் மற்றப் பெண்களும் அடுக்களையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பவுலும் அந்தப் பாடம் படித்த ஊர்க்காரர்தான், அந்தக் காலத்து ஏட்டில் மேற்கோள் குறி கிடையாது, ஆகையால் எந்த வரி பவுலுடையது, எந்த வரி அவருடைய எதிராளியுடையது என்று வாசிக்கிறவன்தான் குரலால் பிரித்துக் காட்ட வேண்டும். இதுதான் அண்ணாச்சியின் மொத்தச் சரக்கு.

பிரித்துக் காட்டவும் செய்வார். எதிராளியின் வரி வந்தால் கழுத்தை ஒடுக்கி, மூக்கால், கீச்சுக் குரலில் வாசிப்பார். பவுலின் வரி வந்தால் அடிவயிற்றிலிருந்து கனத்த குரல். கொஞ்ச நாளில் எங்களுக்குப் பழகிவிட்டது. ஒரு வசனத்தை அண்ணாச்சி கீச்சுக் குரலில் வாசித்தால் அந்த வசனம் செத்தது என்று அர்த்தம். அதற்கு யாரும் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் கிரேக்கர்களால்தான் அவர் இப்படி ஆனார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். எனக்கென்னவோ அவருடைய ஆபீஸ்தான் முக்கால்வாசிக் காரணம் என்று தோன்றும். அவர் ரயில்வேயில் கிளெய்ம்ஸ் செக்‌ஷனில் இருந்தார். சரக்கு வந்து சேரவில்லை, நனைந்துபோய் வந்தது என்று வியாபாரிகள் எழுதும் கடிதங்களுக்கு, முடியாது என்று பதில் எழுதும் இடம். முதல் பாராவில் பார்ட்டி சொல்வதை அப்படியே எழுத வேண்டும், அடுத்த பாராவில் அதை வெட்ட வேண்டும், அதுதான் எங்கள் டிராஃப்டிங் என்று அவரே பெருமையாகச் சொல்வார். பவுல் ரயில்வேயில் இருந்திருந்தால் பெரிய அதிகாரி ஆகியிருப்பாராம். எதிராளி சொல்வதற்கு மரியாதையாக ஒரு பாரா ஒதுக்கிவிட்டு, அவனுக்கு எதுவும் கொடுக்காமல் அனுப்பும் வித்தையை இருபது முப்பது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த மனிதருக்கு, வேதத்திலும் அதுதானே கண்ணில் படும்.

வீட்டிலும் அப்படித்தான். அவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு பெங்காலிக்காரர், எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவர், மேலே ஏறி வந்து சத்தம் போட்டார். அண்ணாச்சி அவரை உட்கார வைத்து, அவர் சொன்ன குறையை அவருக்கே, பெங்காலியிலேயே, கீச்சுக் குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டினார். பிறகு கனத்த குரலுக்கு மாறி, கட்டடம் பழசு, மழைக்காலம், குழாய் சர்க்காருடையது என்று அடுக்கினார். தாதா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒபினய் பாலோ, கிந்து ஜொல் பொட்சே" என்றார். நடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் ஒழுகுகிறது. இதை அண்ணாச்சியின் மனைவியே எங்கள் வீட்டில் வந்து சொன்னார். அந்த அம்மாள் சிரிக்காமல் சொன்னதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டு முறை. வெளியே முழங்கால் அளவு மழைத்தண்ணீர். பெண்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். பெஹாலாவில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்த என் சித்தி ஷிப்ட் காரணமாகச் சபைக்கு வருவதே அபூர்வம். அன்றைக்கு எங்களைப் பார்க்க வந்தவள் மழையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் சபையில் வாயைத் திறக்கக் கூடாது, கேட்க ஏதாவது இருந்தால் வீட்டில் புருஷனிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய பகுதியை அண்ணாச்சி எடுத்தார். எல்லா ஊர்க் கோயிலிலும் எங்கள் அம்மாக்களின் வாயை அடைத்த வரி அது. அதைக் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு, மூக்கால் வாசித்தார். கொரிந்துவில் இருந்த சில பெரிய மனிதர்களின் பேச்சாம் அது. உடனே அடுத்த வரியைக் கனத்த குரலில் எடுத்தார். தேவனுடைய வார்த்தை என்ன, உங்களிடமிருந்துதான் கிளம்பியதா என்று பவுல் அவர்களைப் பார்த்துக் கேட்கும் வரி அது. 

சித்திதான் முதலில் பேசினாள். "அப்போ இத்தன வருசமா எவனோ சொன்னதுக்கா அண்ணாச்சி வாய மூடிக்கிட்டு இருந்தோம்?"

அன்றைக்கு அம்மா அவருக்கு இரண்டாவது முறை காபி கலந்து கொடுத்தாள். அடுத்த மாதம் கோயிலில் ஆராதனை நடுவில் அம்மா வேதப் பகுதியை வாசித்தாள். எங்கள் சபையில் ஒரு பெண் முன்னால் போய் நின்றது அதுதான் முதல் தடவை.   அதற்குப் பிறகு பெண்கள் முறை போட்டு வாசித்தார்கள், ஜெபம் செய்தார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அண்ணாச்சி எங்களைக் காட்டி, எங்கள் சபையில் சகோதரிகளுக்கு முழு உரிமை என்பார். அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கும்.

பின்னாளில் நான் இரண்டு மூன்று பெரிய புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். அந்த வரியை அப்படி வாசிக்கும் அறிஞர்கள் உண்டு. அண்ணாச்சி கதை விடவில்லை.

அவர் கதைவிட்டது வேறொரு புதன்கிழமை. அதே கொரிந்தியர் கடிதத்தில் கல்யாணத்தைப் பற்றி ஒரு பகுதி வரும். ஒரு சகோதரனுக்கு விசுவாசம் இல்லாத மனைவி இருந்து, அவள் அவனோடு வாழச் சம்மதித்தால், அவளைத் தள்ளிவிடக் கூடாது என்று பவுல் சொல்கிறார். அதிலும், இது கர்த்தர் சொன்னதல்ல, நானே சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்கிறார். அண்ணாச்சி அதைக் கீச்சுக் குரலில் வாசித்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குத் தாவினார்.

சுகந்தி விடவில்லை. சுகந்தி, ரயில்வே கார்டு ஒருவருடைய மகள். தாய் இல்லை. ஸ்கூலில் கணக்கு டீச்சர். அதிகம் பேசமாட்டாள், பேசினால் பாடம் நடத்துகிற மாதிரி படிப்படியாகத்தான் வரும். எதிராளி சொன்னான் என்றால் பவுல் அவனை மறுக்கும் வரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அண்ணாச்சிதானே சொல்லிக்கொடுத்தார், இதில் அந்த வரி எங்கே என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்று சொல்வது யார் என்றும் கேட்டாள். அண்ணாச்சி அதிமதுரத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அது மேற்படிப்பு விஷயம், இப்போது புரியாது என்றார். ஜெபத்தோடு வகுப்பை முடித்துவிட்டார், அன்றைக்கு ஆறிப்போன சமோசாக்கூடச் சாப்பிடாமல் கிளம்பினார்.

ஏன் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அவருடைய ஒரே மகன் பெஹாலாவில் ஒரு பெங்காலி இந்துப் பெண்ணை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்து, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். சபையில் கேட்டால் மகன் ஹால்தியாவில் வேலையாக இருக்கிறான் என்பார் அண்ணாச்சி. அந்தக் கல்யாணம் அவருடைய கணக்கில் சேர்த்தியே இல்லை. தாலியை ஐயர் எடுத்துக் கொடுக்கவில்லை, கோயிலில் ஓலை வாசிக்கவில்லை, அப்புறம் அது என்ன கல்யாணம்? நம் ஊர்ப்பக்கத்துப் பெண்ணாக, நம் சபைப் பெண்ணாக ஒருத்தியைக் கட்டிவைத்துவிட்டால் பையன் திரும்பி வந்துவிடுவான் என்பது அவருடைய திட்டம். மகனும் அப்பா பேச்சுக்கு மண்டையை ஆட்டியிருக்கிறான். அவனைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்தத் திட்டத்துக்கு அவர் பார்த்த பெண் சுகந்தி. அந்தப் பகுதியில் கேள்வி கேட்ட அதே சுகந்தி. அண்ணாச்சி வீட்டுச் சம்பந்தம் என்றதும் அவள் அப்பா நெகிழ்ந்துபோய்விட்டார். அவளும் சரி என்றாள். வேதம் தெரிந்த வீடு என்று நினைத்தாளாம்.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இதற்கு நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று சபை முன்னால் கேட்பது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த இடம் வரும்போது பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்போம். ஐயர் இல்லாததால் சொந்த மகனுக்கு அண்ணாச்சியே ஓலை வாசித்தார். முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் சுமுகமாகப் போயின.

நான் சித்திக்குப் போன் செய்தபோது பேச்சுவாக்கில் இந்தக் கல்யாணத்தைச் சொன்னேன்.  அண்ணாச்சி மகனா, அவன் எங்கள் கட்டடத்தில்தானே குடியிருக்கிறான், தலைக்கு மேலே, பொண்டாட்டி பிள்ளையோடு என்றாள். பிள்ளை பிறந்து மூன்று நான்கு மாதம்தான் இருக்குமாம். மாடியிலிருந்து துணி காயப்போடும்போது துவாலை இவள் பால்கனியில் விழுமாம்.

சித்தி நேர்மையானவள். முதலில் அண்ணாச்சி வீட்டுக்குத்தான் போனாள். நல்ல மனுஷர், மகன் அவரையும் ஏமாற்றியிருப்பான் என்று நினைத்தாள். அவர் எதையும் மறுக்கவில்லை. டீ கொடுத்தார். "நல்லவேள சொன்ன தங்கச்சி. சுகந்தி அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ வெளிய சொல்லி அந்தப் பிள்ள மனச நோகடிச்சிராத" என்றார். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எங்களிடமும் வாயைத் திறக்காதீர்கள் என்றாள். அவர் பார்த்துக்கொள்வார் என்று நாங்களும் நம்பினோம். யார் எழுதினாலும் முதல் பாராவில் மரியாதையாக ஏற்றுக்கொள்வது அவர் தொழில் என்பது அப்போது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

மூன்றாம் ஞாயிறு சித்தி டியூட்டியை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். கல்யாணம் நின்றதை அறிவிப்பார்கள், சுகந்தி பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும் என்று வந்தாள். அண்ணாச்சி மேடையேறி, கண்ணாடியை மாட்டி, மூன்றாம் முறையாக ஓலையை வாசித்தார். தடை என்ற வார்த்தையைத் தண்டவாளத்தில் வண்டி போகிற வேகத்தில் வாசித்தார்.

சித்தி எழுந்தாள். நர்ஸுக்கு உள்ள குரல், கத்தாமலே கடைசி பெஞ்சு வரை போகும். "எனக்குத் தடை தெரியும் அண்ணாச்சி. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டு. பெஹாலால எங்க வீட்டுக்கு மேலதான் பொண்டாட்டி பிள்ளையோட இருக்கான்."

அண்ணாச்சி அவளைப் பார்க்கவில்லை. புத்தகத்தையும் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சபையில் ஸ்திரீகள் வாய் திறக்கக் கூடாது என்ற அந்த வரியை மனப்பாடமாகச் சொன்னார். அடிவயிற்றிலிருந்து, கனத்த குரலில்.

எங்களுக்கு அது போதும். அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று எங்களைப் பழக்கிவைத்தவர் அவர்தானே. பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் குனிந்தது. சற்று முன்னால் அதே மேடையில் நின்று வேதப் பகுதி வாசித்துவிட்டு வந்த என் அம்மாவின் தலையும் குனிந்தது. எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அறிவில்லாத ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அது பவுலின் குரல் இல்லை என்று அந்தக் கட்டடத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே மனிதர் அவர்.

சித்தி மட்டும் உட்காரவில்லை. நீங்கள்தானே அது பவுல் சொன்னது இல்லை என்றீர்கள் என்று கேட்டாள். சபையில் ஒழுங்கு வேண்டும் என்றார் அவர். பிறகு கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பி, என் மகனுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை, யாரோ யாரையோ பார்த்துவிட்டு வந்து இந்தச் சகோதரி குழம்பிப் பேசுகிறாள், நர்ஸ் வேலை, தூக்கம் சரியாகக் கிடையாது என்று விளக்கினார். கமிட்டிப் பெரியவர் ஒருவர் உட்காரும்படி சித்திக்குக் கையைக் காட்டினார். சுகந்தியின் அப்பா யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கண்ணாடியை மறுபடி மாட்டினார். தடை ஒன்றும் இல்லை என்று சொல்லி முடிப்பதுதான் பாக்கி.

முன் வரிசையில் சுகந்தி எழுந்தாள். சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. வகுப்பில் பின் பெஞ்சுப் பையனிடம் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

"பிள்ளைக்குப் பேரு என்ன அண்ணாச்சி?"

"முழுப் பேரு இன்னும் வைக்கலம்மா" என்றார் அண்ணாச்சி. "சோறு ஊட்டுத அன்னைக்கித்தான் அவங்க வைப்பாங்க. இப்போ புபாய், புபாய்னு கூப்புடுதோம்."

கீச்சுக் குரலும் இல்லை, கனத்த குரலும் இல்லை. பேரப்பிள்ளையைப் பற்றி யாராவது விசாரித்தால் எந்தத் தாத்தாவுக்கும் வருகிற குரல். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை நான் பார்த்தேன், மொத்தச் சபையும் பார்த்தது. சிரிப்பு போக வெகுநேரம் ஆயிற்று. என்ன சொன்னோம் என்று அவருக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.

சுகந்தி தலையை ஆட்டிக்கொண்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டி, அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் நடுவழியில் நடந்து வாசலுக்குப் போனார்கள். சித்தியும் அவர்கள் பின்னாலேயே போனாள்.

அண்ணாச்சி மேடையைவிட்டு இறங்கியிருக்கலாம். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் ஓலையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், தொண்டையைச் செருமினார், அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். தமிழ் தெரியாத பெங்காலி ஆர்கன்காரருக்கு எண் மட்டும் புரிந்தது, வாசிக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி கையை உயர்த்தி எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவர் தனியாகவே பாட ஆரம்பித்தார்.